பள்ளிவாசல் கணக்குப் புத்தகத்தில் 'இஸ்லாம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஐந்தொகை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

தொழிலால் நான் கணக்காளர். வரலாற்றுப் பாடவேளையில் பின்வரிசையில் அமர்ந்து கணிதப் பயிற்சி செய்தவள். அப்படிப்பட்டவளின் தூக்கத்தைக் கடந்த ஒரு வருடமாக ஒரு வரலாற்று வேலை கெடுத்துக்கொண்டிருக்கிறது.

கண்டிக்கு அருகே எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் கூரையை மாற்றும்போது, பழைய அலுமாரி ஒன்றிலிருந்து துணி அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகம் கிடைத்தது. ஹிஜ்ரி 1317 முதல் 1329 வரை, அதாவது ஏறத்தாழ 1899 முதல் 1911 வரை. அதில் பெரும்பகுதியை எழுதியவர் என் பூட்டனார், வாப்பாவுடைய (அப்பாவுடைய) வாப்பாவின் வாப்பா. பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபை படமெடுக்க அனுமதித்தது. 212 பக்கங்களையும் கைப்பேசியில் எடுத்துவிட்டேன். முதல் பத்துப் பக்கங்களில் என் கட்டைவிரலும் இருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

எழுத்து பெரும்பாலும் தமிழ். சில பக்கங்கள் மட்டும் அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். தொடக்க வருடங்களில் எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழில் இருக்கின்றன, பிறகு 1, 2, 3 கலந்து வருகின்றன. வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸ என்ற குறிகள். இவற்றைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இரண்டில் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தேன். ௷ குறியை ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு எழுத்தாகப் படித்துத் தள்ளின. கடைசியில் நானே உட்கார்ந்து 60 பக்கங்களை விரிதாளில் தட்டெழுதினேன்.

என் ராத்தாவின் (அக்காவின்) மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "இஸ்லாமும் பொது வாழ்வும் என்று ஒரு ஆய்வுத் துறையே இருக்கிறது சாச்சி. சொல்லைத் தேடி, எண்ணி, வரைபடம் போடலாம்" என்றாள். தேடினேன். 60 பக்கங்களில் 'இஸ்லாம்' ஒரு இடத்திலும் இல்லை. 'முஸ்லிம்' இரண்டு இடம். 'தீன்' நான்கு இடம், அதில் ஒன்று ஒரு மனிதரின் பெயரின் வால்.

இருப்பதெல்லாம் வேறு. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பாய், இறந்தவருக்குப் போர்த்தும் கபன் துணி, கிணறு இறைத்த கூலி. கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) மனு எழுதிக்கொடுத்தவருக்கு ஒரு ரூபா. முத்திரைச் செலவு. புரக்டருக்கு (வழக்கறிஞருக்கு), புரக்டருக்கு, மறுபடியும் புரக்டருக்கு. பெருநாள் கந்தூரிக்கு அரிசி வாங்கியதைவிட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறார்கள் போலும்.

என் கேள்விகள் மூன்று.

மீதி 152 பக்கங்களையும் நானே தட்டெழுதினால் எனக்குக் கண்ணாடியின் எண் கூடிவிடும். இந்தக் கையெழுத்தை இயந்திரத்துக்குப் பழக்க முடியுமா?

தேதிகள் எல்லாம் ஹிஜ்ரியில் மட்டும் இருக்கின்றன. மாற்றித் தரும் செயலிகள் ஒன்றுக்கொன்று ஒரு நாள் முன்பின்னாகச் சொல்கின்றன. உதாரணமாக, 1323 துல்கஃதா 3இல் 'மருதானைக்கு மூவர் ரயில் வகைக்கு' ஒன்பது ரூபா பற்று. மருதானை கொழும்பில் இருக்கிறது. பள்ளிவாசல் பணத்தில் மூன்று பேர் கொழும்புக்கு எதற்குப் போனார்கள்? எங்கள் குடும்பத்தில் பூட்டனாரைப் பற்றி இருக்கும் ஒரே கதை, அவர் தொப்பிக்காகக் கொழும்புக்குப் போன மனிதர் என்பதுதான். வாப்பும்மா (வாப்பாவின் தாய்) அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கண்டியில் கிடைக்காத தொப்பியா? பொதுப் பணத்தில் தொப்பி வாங்கப் போனாரோ என்று கணக்காளர் மனம் சந்தேகப்படுகிறது. அப்படியானால் மறைக்காமல் எழுதிவைத்ததற்காகவாவது பாராட்ட வேண்டும்.

கடைசியாக, இதை இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போடலாமா?

கும்பகோணத்தான் பதில்:

சகோதரி, வணக்கம். பழைய நூல்களை மின்னுருவாக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். முதலில் ஒரு நல்ல செய்தி: நீங்கள் வீணாக உழைக்கவில்லை. அந்த 60 பக்கங்கள்தான் உங்கள் மூலதனம்.

நீங்கள் பயன்படுத்திய எழுத்துணரிகள் அச்செழுத்துக்குப் பழகியவை. கையெழுத்துக்கு வேறு வழி வேண்டும். டிரான்ஸ்கிரிபஸ் என்று ஒன்று, ஈஸ்கிரிப்டோரியம் என்று ஒன்று. இரண்டாவது திறந்த மூலம். வலமிருந்து இடமாக எழுதும் எழுத்துகளையும் மனத்தில் வைத்துச் செய்தது, ஆகவே உங்கள் அரபுத்தமிழ்ப் பக்கங்களுக்கும் உதவும். இரண்டிலும் முறை ஒன்றுதான்: படத்தையும் நீங்கள் தட்டெழுதியதையும் வரிக்கு வரி பொருத்திக் கொடுத்தால், அந்தக் கையெழுத்தை அது கற்றுக்கொள்ளும். டிரான்ஸ்கிரிபஸ்காரர்கள் தொடக்கத்துக்கு 5,000 முதல் 15,000 சொற்கள் வேண்டும் என்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் பக்கத்துக்குச் சொற்கள் குறைவு, ஆனாலும் 60 பக்கங்களில் அந்த எல்லையைத் தொட்டிருப்பீர்கள். தமிழ்ப் பக்கங்களையும் அரபுத்தமிழ்ப் பக்கங்களையும் ஒரே பயிற்சி மாதிரியில் போட்டுக் குழப்பாதீர்கள். தனித்தனியாகப் பழக்குங்கள்.

குறிகளை 'வ', 'ப' என்று சுருக்கித் தட்டெழுதியிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய் எல்லாம் 2003இலிருந்தே ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கின்றன. கால், அரைக்கால், மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கு 2019இல்தான் இடம் கிடைத்தது. அவற்றைக் காட்டும் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாமல் போகலாம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

விரிதாளில் இரண்டு பத்திகள் வையுங்கள். ஒன்றில் ஏட்டில் உள்ளபடி, பிழையோடு. மற்றதில் சீராக்கிய வடிவம். உள்ளதைத் திருத்திவிட்டுப் பிறகு தேடினால் உங்களைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் தொழில் இங்கே கைகொடுக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கிறதல்லவா? இயந்திரம் படித்த எண்களைக் கூட்டி அதோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத பக்கத்தில் மட்டும் கண்ணை வைத்தால் போதும். கவிதை ஏட்டுக்கு இப்படி ஒரு வசதி கிடையாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. பத்துக் கணக்கில் கூட்டினால் எந்தப் பக்கமும் சரி வராது.

பிறைப்பார்வை பதில்:

கும்பகோணத்துத் தம்பி சொன்னதில் கடைசி வரி மட்டும் இங்கே செல்லாது. இலங்கையில் 1872இலேயே ரூபாவும் சதமும் வந்துவிட்டன. நூறு சதம் ஒரு ரூபா. அணா இந்தியாவோடு நின்றுவிட்டது. தங்கச்சி, உங்கள் புத்தகத்தில் எங்காவது அணா தென்பட்டால் அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அந்தப் பணம் கடல் தாண்டிக் கொடுக்கப்பட்டிருக்கலாம். நாகூருக்குப் போன காணிக்கையாக இருக்கலாம், கீழக்கரை மதரஸாவுக்குப் போனதாக இருக்கலாம். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1898இல் மறைந்தவர், இலங்கை எங்கும் அவருக்கு முரீதுகள் (சீடர்கள்) இருந்தார்கள். அரபுத்தமிழ்ப் பக்கங்கள் எந்த மாதங்களில் வருகின்றன என்றும் பாருங்கள்.

இனி அந்த மருதானைப் பதிவுக்கு வருகிறேன். நேற்று இரவு அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கிழக்கு மாகாணத்தில் முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பழக்கம்.

செயலிகள் ஒரு நாள் முன்பின்னாகச் சொல்வது அவற்றின் குற்றம் அன்று. அவை அட்டவணைக் கணக்கு. 30, 29, 30, 29 என்று மாதங்களை மாற்றி மாற்றிப் போட்டு, சில வருடங்களில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. உங்கள் பூட்டனார் அட்டவணை பார்த்துத் தேதி போட்டிருக்க மாட்டார். பிறை பார்த்துப் போட்டிருப்பார். மலைநாட்டில் டிசம்பர் மாதத்து மேகத்தில் பிறை எங்கே தெரியப்போகிறது? தெரியாவிட்டால் நடப்பு மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்துவிடுவார்கள். அட்டவணைப்படி 1323 துல்கஃதா 1 என்பது 1905 டிசம்பர் 28, வியாழக்கிழமை. அந்தக் கணக்கில் துல்கஃதா 3 டிசம்பர் 30, சனிக்கிழமை. உங்கள் ஊரில் ஒரு நாள் பிந்தி மாதம் பிறந்திருந்தால் அதே துல்கஃதா 3 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை.

ஒரு நாளில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். 1905 டிசம்பர் 31 ஞாயிறன்று மருதானைப் பள்ளிவாசலில் இலங்கை முஸ்லிம்கள் பெரும் கூட்டம் ஒன்று கூட்டினார்கள். எதற்காக? தொப்பிக்காக!

அந்த வருடம் எம். சி. அப்துல் காதர் என்ற அட்வகேட் உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியோடு வழக்காட எழுந்தார். (தமிழகத்தார் கவனிக்க: இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் தலையாய நீதிமன்றம், நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பது.) பிரதம நீதியரசர் லேயார்ட் அந்தத் தொப்பியை ஏற்கவில்லை. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவும் இல்லை. ஒரு வழக்கறிஞரின் தலையில் தொடங்கிய தகராறு ஊர் ஊராகப் பரவியது. பம்பாயிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹமது வந்து அந்த மருதானைக் கூட்டத்தில் பேசினார். தொப்பியோடு வழக்காடும் அனுமதி பிறகு கிடைத்தது.

அந்தத் தொப்பி இந்த நாட்டில் பரவியதற்கும் ஒரு கதை இருக்கிறது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒறாபி பாஷாவும் அவருடைய தோழர் ஆறு பேரும் நாடு கடத்தப்பட்டு, அதே தொப்பியோடு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கினார்கள். சித்தி லெப்பையின் 'முஸ்லிம் நேசன்' அதற்கு மூன்று வாரம் முன்புதான், 1882 டிசம்பரில், வெளிவரத் தொடங்கியிருந்தது. பத்திரிகைக்கும் பாஷாவுக்கும் நல்ல நேரம். பாஷா பிறகு கண்டியில் வந்து குடியிருந்தார். 1901இல்தான் நாடு திரும்பினார். ஆகவே, தங்கச்சி, உங்கள் பூட்டனார் அவரை நேரில் பார்த்திருக்கக்கூடியவர்.

வாப்பும்மா சொன்ன 'தொப்பிக்காகக் கொழும்பு போனவர்' என்ற பேச்சை இப்போது மறுபடியும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

ஆனால் நான் அவசரப்படக் கூடாது. ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) உண்டியல் வரவு வாரந்தோறும் எழுதப்பட்டிருக்குமே? அந்தத் துல்கஃதாவில் உண்டியல் வரவு எந்தெந்தத் தேதிகளில் இருக்கிறது என்று பாருங்கள். 2, 9, 16 என்று வந்தால் அட்டவணைக் கணக்குச் சரி, சனிக்கிழமையே புறப்பட்டிருப்பார்கள். 1, 8, 15 என்று வந்தால் ஞாயிறு. வெள்ளிக்கிழமையை எந்த மேகமும் மறைக்காது.

சோனகத் தெரு பதில்:

எல்லோரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாவது கேள்விக்கு ஒருவரும் வரவில்லை.

போடாதீர்கள் என்பதுதான் என் பதில். நான் ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவன். ரமழான் மாதப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். இன்னாருடைய விதவைக்கு அரிசி இவ்வளவு, இன்னாருடைய குமருக்கு (மணமாகாத மகளுக்கு) துணி இவ்வளவு என்று இருக்கும். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்று படித்தவர்கள் நாம். வாங்கியவரின் பெயரை நூறு வருடம் கழித்து உலகம் முழுவதும் தேடிப் படிக்கும்படி செய்வீர்களா? ஊர் சிறியது. அந்த வீட்டுப் பேரன் இன்று கடை வைத்து நன்றாக இருப்பான். அவனுடைய மூத்தும்மா எவ்வளவு அரிசி வாங்கினார் என்று அவனுடைய சம்பந்தி தேடிப் பார்ப்பார். ஆய்வாளர்களுக்கு இது சுவையான தகவல், ஊர்க்காரனுக்கு அவமானம்.

இன்னொன்று. இன்றைக்கு வக்பு சட்டம் இருக்கிறது, 1956இல் வந்தது. பள்ளிவாசல் கணக்கை வக்பு சபைக்குக் காட்ட வேண்டும். உங்கள் புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் அது இல்லை. எழுதியவர் ஜமாஅத்தாருக்கு மட்டும் பதில் சொல்ல எழுதினார். இணையத்துக்கு எழுதவில்லை.

ஐந்தொகை எழுதியது:

எல்லோருக்கும் ஜசாக்கல்லாஹு கைர். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிறைப்பார்வை நானா, உங்கள் பதிலைப் படித்ததும் இரவு பதினொரு மணிக்கு விரிதாளைத் திறந்தேன். 1323 துல்கஃதா: உண்டியல் வரவு 1, 8, 15, 22, 29.

ஐந்து வெள்ளி. முதல் தேதியே வெள்ளி. அப்படியானால் மூன்றாம் தேதி ஞாயிறு.

வாப்பும்மா மௌத்தாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் சிரித்தது இப்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. யாரோ அவருக்குச் சிறு வயதில் பெருமையாகச் சொன்ன வாசகம், பாதி வழியில் கேலியாகிவிட்டிருக்கிறது.

ஆனாலும் கணக்காளர் புத்தி சும்மா இருக்காது. பற்றுச்சீட்டு இல்லாத செலவை நான் ஏற்பதில்லை. துல்கஃதா 3 என்பது பயணம் போன நாளா, செலவை ஏட்டில் ஏற்றிய நாளா? போன மூவரில் பூட்டனார் இருந்தார் என்பதற்கு என்ன சான்று? மருதானையில் ஆஸ்பத்திரிக்குப் போகவும் ஆள் இறங்குவது உண்டு. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு படத்தையே மறுபடி எடுத்துப் பார்த்தேன். தட்டெழுதி முடித்த பிறகு நான் படங்களின் பக்கம் போகவே இல்லை, விரிதாள்தான் புத்தகம் என்றாகிவிட்டிருந்தது.

பூட்டனாரின் எழுத்து வலப்பக்கம் சாயும். 'ர'வின் கால் நீண்டு கீழ்வரியைத் தொடும். அந்தப் பக்கத்தில் துல்கஃதா 1 அவர் எழுத்து. 3ஆம் தேதியின் மருதானைப் பதிவும், 4ஆம் தேதியின் எண்ணெய்ப் பதிவும் வேறொருவர் எழுத்து: உருண்டை, நிமிர்ந்தது, மை வேறு. 5ஆம் தேதியிலிருந்து மறுபடி சாய்ந்த எழுத்து. அந்த வருடம் முழுவதையும் புரட்டினேன். வேறு எந்த மாதத்திலும் அவர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுபடவில்லை.

இதை நான் தட்டெழுதியபோது ஒரே எழுத்துருவில் எல்லாம் ஒன்றாகிப் போயிருந்தது.

கும்பகோணத்துச் சகோதரரே, விரிதாளில் மூன்றாவதாக 'கை' என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். இதுவரை நான்கு பேரின் கை தெரிகிறது. அவர்கள் பெயர் தெரியாததால் சாய்வு, உருண்டை, கோழிக்கால், நடுக்கம் என்று வைத்திருக்கிறேன். கூட்டுத்தொகைச் சோதனையும் செய்தேன். 60 பக்கங்களில் ஏழு பக்கம் பொருந்தவில்லை. ஆறில் என் தட்டெழுத்துப் பிழை. ஏழாவதில் பிழை பூட்டனாருடையது. 40 சதம் கூடுதலாகக் கூட்டியிருக்கிறார், இரண்டு மாதம் கழித்து 'முன் கணக்கில் தவறு' என்று அவரே சரிக்கட்டியிருக்கிறார். என்னிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய பக்கம்.

சோனகத் தெரு அவர்களுக்கு: நீங்கள் கோபமாக எழுதியிருந்தாலும் சொன்னது நியாயம். முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. பிறகு ரமழான் பக்கங்களைத் திறந்தேன். எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டின் பெயர் இருந்தது. கொடுத்தவர்கள் பெயரும் வாங்கியவர்கள் பெயரும் ஒரே பக்கத்தில் இருப்பதால் பக்கத்தை அப்படியே போடவே முடியாது. சபையாரிடம் பேசப்போகிறேன். வாங்கியவர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுத்து எழுத்துப் படியை மட்டும் வெளியிடலாம், ரமழான் பக்கங்களின் படங்கள் பள்ளிவாசலிலேயே இருக்கட்டும் என்பது என் எண்ணம். அரிசியின் அளவு தெரிந்தால் அந்த வருடத்துப் பஞ்சமும் செழிப்பும் தெரிந்துவிடும், ஆள் தெரிய வேண்டியதில்லை.

மெய்ப்பு பதில்:

தாமதமாக வந்தேன். சொல் தேடல் பற்றி யாரும் முழுதாகப் பேசவில்லையே.

'இஸ்லாம்' என்று அவர்கள் எழுதாதது வியப்பே இல்லை. தண்ணீருக்குள் இருப்பவன் தண்ணீர் என்று எழுதி வைப்பானா? ஆனால் வேறு ஒரு சிக்கலும் உண்டு: எழுத்துக்கூட்டல். நோன்பு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். றமழான், ரமழான், ரமளான், ரமலான், ரம்ஜான், எல்லாம் ஒரே மாதம். மேலே ஒருவர் ஒறாபி என்று எழுதியிருக்கிறார். தமிழகத்தில் அரபி பாஷா என்று எழுதுவார்கள். மரைக்காயர், மரைக்கார், மரக்காயர். லெப்பை, இலெப்பை, லெவ்வை. இதில் எது எழுத்து வேறுபாடு, எது வட்டார வேறுபாடு, எது ஆளே வேறு என்று இயந்திரம் தானாகச் சொல்லாது. 'பள்ளி' என்று தேடினால் பள்ளிக்கூடமும் வரும், பள்ளிவாசலும் வரும். 'மரைக்கார்' ஒரு வீட்டில் குடும்பப் பெயர், கிழக்கிலங்கையில் பள்ளிவாசல் பொறுப்பாளரின் பதவி.

இதற்குக் கைவேலையே தீர்வு. மேற்கு ஆப்பிரிக்க இஸ்லாம் பற்றிய ஒரு திறந்த தொகுப்பு இருக்கிறது. பெனின், புர்கினா ஃபாசோ, கோட் டிவார், நைஜர், நைஜீரியா, டோகோ நாடுகளின் பத்திரிகைச் செய்திகளையும் முஸ்லிம் வெளியீடுகளையும் ஓமேகா எஸ் என்ற இலவச மென்பொருளில் சேர்த்திருக்கிறார்கள். நான் அதில் பார்த்து வியந்தது தேடுபெட்டியை அன்று, சுட்டியை (இன்டெக்ஸை). ஆள், அமைப்பு, இடம், நிகழ்ச்சி, பொருள் என்று ஒவ்வொரு ஆவணத்தையும் இணைத்திருக்கிறார்கள். உங்கள் மருதானைப் பதிவில் 'தொப்பி' என்ற சொல்லே இல்லை அல்லவா? அதைத் தொப்பி வழக்கோடு சேர்க்கச் சுட்டி ஒன்றால்தான் முடியும். அந்தச் சுட்டியில் 'உறுதி', 'ஊகம்' என்று ஒரு அடையாளமும் வையுங்கள். வெள்ளிக்கிழமைக் கணக்கும் கையெழுத்து மாற்றமும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஆனாலும் நான் 'ஊகம்' என்றுதான் போடுவேன், மேலே சொன்ன ஆஸ்பத்திரி இன்னும் விலகவில்லை.

ஒரு வேண்டுகோள். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகர் (தமிழ் பேசும் முஸ்லிம்கள்) இனத்தால் தமிழரே என்று கட்டுரை படித்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து நூல் எழுதினார். உங்கள் புத்தகம் அந்த 1907ஐத் தாண்டிப் போகிறது. அதில் 'சோனகர்' எங்கே வருகிறது, 'முஸ்லிம்' எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

ஐந்தொகை எழுதியது:

மெய்ப்பு அவர்களுக்கு: 'ஊகம்' என்றே போட்டுவிட்டேன். மனம் ஒப்பவில்லை, ஆனால் தணிக்கையாளர் சொன்னால் கேட்க வேண்டும்.

'சோனகர்' தேடினேன். 60 பக்கங்களில் ஒன்பது இடம், ஒன்பதும் மனுச் செலவு, கச்சேரிச் செலவு, புரக்டர் செலவு ஆகியவற்றில்தான். 'இவ்வூர்ச் சோனகர் பேரில் மனு' என்கிற மாதிரி. உண்டியல், கந்தூரி, கபன் பதிவுகளில் அந்தச் சொல் ஒரு தடவைகூட இல்லை. அங்கே 'ஜமாஅத்தார்' என்றோ 'ஊரார்' என்றோதான் இருக்கிறது. அரசாங்கத்தின் முன்னால் போகும்போது மட்டும் போட்டுக்கொண்ட பெயர் போலத் தெரிகிறது. 'முஸ்லிம்' வந்த அந்த இரண்டு இடங்களையும் இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இரண்டும் 1323 துல்கஃதாவுக்குப் பிறகு. ஒன்று பத்திரிகைச் சந்தா. மற்றது துல்ஹஜ் மாதத்தில் ஒரு தந்திச் செலவு, 'முஸ்லிம்கள் பேரில்' என்று. யாருக்கு அனுப்பிய தந்தி என்ற இடத்தில் பூச்சி அரித்திருக்கிறது. 'கொழு' என்று தொடங்குகிறது. அடுத்துத் துளை, பிறகு 'ர் அவர்களுக்கு'.

கொழும்பில் '-ர்' என்று முடிகிற எவர் பெயரும் பொருந்தும் என்பது எனக்கும் தெரியும் மெய்ப்பு அவர்களே. அப்துல் காதர் என்று நான் எழுதவில்லை. பூச்சி அரித்த இடத்தைப் படமெடுக்க வேறு ஏதாவது வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள். பின்பக்கத்தில் விளக்கு வைத்துப் பார்த்தேன், மை மட்டும்தான் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.